சந்தனப் பொட்டு வைத்த எஸ்.எஸ்.டி.

நம் எடிட்டர்கள் வாட்ஸ்அப் க்ரூப்பில் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறீர்கள். "மேடம், போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் வாங்கலாமா, இல்ல ரப்பர் உறை போட்ட எஸ்.எஸ்.டி. வாங்கலாமா?" நான் வேலையை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. காலையில் ஸ்ரீரங்கத்து வீட்டில் காபியை ஆற்றிக்கொண்டு போனை எடுத்தால் இதுதான் நிற்கிறது. போன மாதம் கேட்ட அதே ஆள் இந்த மாதமும் கேட்கிறார். கொஞ்சம் மேலே தள்ளிப் பழைய பதிலைப் படித்துப் பார்க்க உங்களுக்கு விரல் வலிக்கிறது.

சரி, கடைசியாக ஒரு தடவை எழுதிவிடுகிறேன். ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டு சுற்றுகிறது. சுற்றும்போது அடிபட்டால் போச்சு. ஆனால் விலை குறைவு, இடம் அதிகம், சாகப் போகும்போது பெரும்பாலும் டொக் டொக் என்று சத்தம் போட்டுச் சொல்லிவிடும். எஸ்.எஸ்.டி.க்குள் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. வேகம் அதிகம், கீழே விழுந்தாலும் தாங்கும். போகும்போது மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போகும். ஊர் சுற்றுவதற்கு எஸ்.எஸ்.டி., பீரோவில் இருப்பதற்கு ஹார்டு டிஸ்க். இதைத் தெரிந்துகொள்ள முப்பது வருட அனுபவம் எதற்கு? பாதி விஷயம் அட்டைப்பெட்டியிலேயே எழுதியிருக்கிறது.

அட்டைப்பெட்டியில் எழுதாதது நம் ஆட்கள். எங்கள் ஸ்டுடியோ கேமராமேன் ஒரு தடவை சமயபுரத்திலிருந்து திரும்பும் வேனிலேயே மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஹார்டு டிஸ்க்கில் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். நேரம் மிச்சமாம். வழியில் எத்தனை வேகத்தடை என்று உங்களுக்கே தெரியும். டோல்கேட் வருவதற்குள் டிஸ்க் செத்துவிட்டது. அதற்கு அவர் சொன்ன காரணம், டிஸ்க் மட்டமான டிஸ்க் என்பது. நல்லவேளை, அன்று கேமராவின் மெமரி கார்டுகள் அழிக்கப்படாமல் இருந்தன.

அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டிய வாயால்தான் இப்போது என் கதையைச் சொல்கிறேன். அதனால் சிரிக்காமல் படியுங்கள்.

பாலக்கரைப் பக்கம் ஒரு முஸ்லிம் வீட்டு நிக்காஹ். பெண்ணின் தகப்பனார் துபாயில் வேலை. அவர்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்பார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். விசா புதுப்பிக்கக் கொடுத்த பாஸ்போர்ட் நாளுக்குள் கைக்கு வராததால் மூத்த மகள் கல்யாணத்துக்கு அத்தாவால் வர முடியவில்லை. அவருடைய தம்பி, அதாவது பெண்ணின் சின்னத்தா, அதே ஊரில் வேறு கம்பெனியில் இருப்பவர், பத்து நாள் லீவில் வந்து எல்லாவற்றையும் முன்னின்று நடத்தினார்.

பெண்ணிடம் சம்மதம் கேட்பது பெண்கள் பக்கம் உள்ளறையில் நடக்கும். அங்கே நம் கேமராமேன்களுக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட கல்யாணங்களுக்கு எடிட்டிங் மேஜையை விட்டு எழுந்து நானே கேமராவை எடுத்துக்கொண்டு போவேன். விருந்தாளிகள் யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். பெண்ணின் அம்மா கையில் மட்டும் ஒரு போன், அத்தாவுடன் வீடியோ காலில். அந்த மண்டபத்தில் சிக்னல் வருவதும் போவதுமாக இருந்தது. ஆக, அந்தப் பெண் சம்மதம் சொன்ன காட்சி உலகத்திலேயே ஒரு இடத்தில்தான் இருந்தது, என் கேமராவில்.

கல்யாணம் முடிந்ததும் சின்னத்தா ஸ்டுடியோவுக்கு வந்தார்.

"அக்கா, எடிட்டிங் பாட்டு எல்லாம் மெதுவா பண்ணுங்க. அண்ணனுக்கு எடுத்தது எடுத்தபடி முழுசா வேணுமாம். வியாழக்கிழமை காலைல எனக்கு ஃபிளைட், நானே கொண்டு போயிடறேன். ஆனா பொம்பளைங்க பக்கம் எடுத்தத நெட்டுல ஏத்தக் கூடாது. உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கக் கூடாது. ஒரே காப்பி, அது எங்க கையில இருக்கணும்."

நியாயமான பேச்சு. சரி என்றேன். அப்புறம் அவரும் நீங்கள் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார். ஹார்டு டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா? விமானத்தில் பெட்டிகளை வீசுகிற வீச்சையும், துபாயில் அத்தா தங்கும் ஆறு பேர் அறையில் கட்டிலுக்கு அடியில் அது கிடக்கப் போவதையும் நினைத்து, ரப்பர் உறை போட்ட எஸ்.எஸ்.டி.யே வாங்குங்கள் என்றேன். அண்ணனுக்கு அன்பளிப்பு என்று அவரே வாங்கி வந்தார். ஆரஞ்சு நிறம், சோப்புக்கட்டி அளவு. யோசனையில் தப்பு இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே சொல்வேன்.

தப்பு எங்கே நடந்தது என்று கவனியுங்கள். ஞாயிறு நிக்காஹ். திங்கள்கிழமை கார்டுகளில் இருந்ததை எல்லாம் அந்த எஸ்.எஸ்.டி.யில் ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை சமயபுரத்தில் ஒரு காதுகுத்து, கார்டுகள் வேண்டும். வழக்கமாக எங்கள் கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் இன்னொரு காப்பி போட்டுவிட்டுத்தான் கார்டை அழிப்பேன். இந்தத் தடவை போடவில்லை. ஒரே காப்பி என்று சொல்லிவிட்டாரே. அவர் சொன்னது கடைசியில் கையில் இருக்க வேண்டிய கணக்கு. பத்திரமாகக் கொண்டு சேர்க்கும்வரை இன்னொன்று வைத்துக்கொள்கிறேன், அப்புறம் உங்கள் எதிரிலேயே அழித்துவிடுகிறேன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? நான் கேட்கவில்லை. அந்த ஆரஞ்சு ரப்பரைப் பார்த்ததும் எனக்கும் ஒரு தெம்பு வந்துவிட்டது. கார்டுகளை அழித்துக் கொடுத்தேன்.

புதன்கிழமை ஆயுத பூஜை. காலையில் டிஸ்க்கைச் செருகி, எல்லாம் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. கேபிளை உருவினேன். கேபிள் செருகும் ஓட்டைக்கு ஒரு சின்ன ரப்பர் மூடி உண்டு, அதை மூடவில்லை. "நேரமாச்சும்மா, வாங்க" என்று முதலாளி கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கேமரா, ட்ரைபாட், லைட்டு, கீபோர்டு, கத்தரிக்கோல் வரைக்கும் துடைத்து மேஜையில் அடுக்கியாகிவிட்டது. டெலிவரிக்குத் தயாராக இருப்பதையும் பூஜையில் வைப்பது எங்கள் கடை வழக்கம். அந்த எஸ்.எஸ்.டி.யை நிமிர்த்தி வைத்தேன். ஓட்டை இருக்கிற பக்கம் எனக்கு நேராக நின்றது. சந்தனத்தைக் குழைத்து மோதிர விரலால் தொட்டு வரிசையாக வைத்துக்கொண்டே வந்தவள், அதற்கும் பளிச்சென்று ஒரு பொட்டு வைத்தேன். மேலே குங்குமமும் வைத்தேன். முதலாளி பன்னீர் தெளித்தார். கற்பூரம் காட்டினோம், பொரியும் கடலையும் தின்றோம்.

முப்பது வருடமாக எத்தனை மெஷினுக்குப் பொட்டு வைத்திருக்கிறேன். எங்கே வைக்கிறோம் என்று பார்த்து வைத்தவள்தான். அன்று பார்க்கவில்லை. அவ்வளவுதான், இதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு டப்பாவில் போடலாம் என்று கையில் எடுத்தபோதுதான் பார்த்தேன். ஓட்டை முழுக்கச் சந்தனம். ஓரம் காய்ந்திருந்தது, நடுவில் ஈரம். பன்னீர் வேறு உள்ளே இறங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

கேமராமேன் எட்டிப் பார்த்தார். "ஊதி விட்டுட்டு ஒரு தடவ போட்டுப் பாத்துரலாம்க்கா. தண்ணியில முங்கினாலும் ஒண்ணும் ஆகாதுன்னு போட்டிருக்கான்."

"முங்கினா தாங்கும்னு போட்டிருக்கான். ஈரத்தோட கரண்ட் குடுத்தா தாங்கும்னு எங்க போட்டிருக்கான், காட்டு."

"அப்ப ஓடுதா இல்லியான்னு எப்படிக்கா தெரியும்?"

"இப்ப தெரிய வேணாம்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். டேப் காலத்தில் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர், டேப் சிக்கினால் முதலில் கையை எடு என்பார். சிக்கியதை உடனே இழுத்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை வரும். இழுத்தால் அறுந்துவிடும். ஓடுகிறதா என்று தெரிந்துகொள்கிற அவசரம் இருக்கிறதே, அது நம் மனசுக்கு வேண்டியது. டிஸ்க்குக்கு வேண்டியது இல்லை. கேபிளை எடுத்து என் கைப்பையில் போட்டு ஜிப்பை மூடினேன். யாரை நம்பினாலும் அந்த நேரத்தில் ஒரு கேமராமேனை நம்ப முடியாது.

முதலாளி வேறு மாதிரி யோசித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேல தொடச்சு டப்பாவுல போட்டுக் குடுத்துருங்கம்மா. அங்க போய் ஓடலேன்னா வழியில ஏதோ ஆச்சுன்னு நெனச்சுப்பாங்க."

உடனே மாட்டேன் என்று சொன்னேன் என்று எழுதத்தான் ஆசை. சொல்லவில்லை. ஒரு நிமிஷம் அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாருக்கும் தெரியாதுதான். ஆனால் அங்கே அவர் ஈரம் காயாத டிஸ்க்கைச் செருகுவார். அவர் கையாலேயே அவர் மகள் கல்யாணம் அழியும். வாழ்நாள் முழுக்கத் தன் கையைத்தான் நொந்துகொள்வார். அதை நினைத்ததும் எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. முடியாது சார் என்றேன். முதலாளி மிச்சப் பொரியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காட்டூரில் ஒருவர் இருக்கிறார். போன் போர்டுகளைப் பூதக்கண்ணாடி மெஷினுக்கு அடியில் வைத்துப் பார்த்து வேலை செய்கிறவர், கை சுத்தம். கடைத்தெருவில் அன்று திறந்திருந்த ஓரிரண்டு கடைகளுக்குப் போயிருக்கலாம்; அங்கே வாங்கியதும் முதல் வேலையாகச் செருகித்தான் பார்ப்பார்கள். அதனால் காட்டூர்க்காரருக்கு போன் போட்டேன்.

"மேடம், மெஷினு, சாமான் எல்லாம் பூஜைல இருக்கு. நாளைக்கு மறுபூஜை போட்டுட்டுதான் எடுப்பேன். காலைல வாங்க."

"அவசரம்ங்க. ஒரு பத்து நிமிஷ வேலை."

"பத்து நிமிஷமோ ஒரு நிமிஷமோ, பூஜைல வச்சத எப்படிங்க எடுக்கறது? நீங்களே எடுப்பீங்களா?"

நான் எடுத்திருந்தேன். எடுத்ததால்தான் அவருக்கு போன் போட்டேன். இதைச் சொன்னால் மனுஷன் நாளைக்கும் தொடமாட்டார் என்று பேசாமல் வைத்துவிட்டேன். எரிச்சலில் அவரை மனசுக்குள் நாலு வார்த்தை சொன்னேன், அப்புறம் எனக்கு நானே நாலு வார்த்தை சொல்லிக்கொண்டேன்.

ஐந்து மணிக்குச் சின்னத்தா வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன், யார் பொட்டு வைத்தது என்பது உட்பட. அவர் வீட்டுச் சாமானுக்குக் குங்குமம் வைத்திருக்கிறேன் என்ற கூச்சமும் எனக்கு இருந்தது. அவருக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

"பொட்டு கெடக்குதுக்கா. உள்ள இருக்கறது இருக்கா, இல்லியா?"

"தெரியலங்க. இப்ப போட்டுப் பாத்தா இருக்கறதும் போயிடலாம். சுத்தம் பண்ணி, ரெண்டு நாள் காய வச்சுத்தான் பாக்கணும். நீங்க நாளைக்கு இத எடுத்துட்டுப் போக முடியாது."

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அண்ணன் ஏர்போர்ட்டுக்கே வரேன்னு சொல்லியிருக்குக்கா. கூட வேலை பாக்கறவரோட டிவிய இரவல் கேட்டு வச்சிருக்கு. நான் என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வெறுங்கையோட போய் நிக்கறது? ஒரு தடவ போட்டுத்தான் பாருங்களேன்."

"நீங்க அடிச்சாலும் போட மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

அப்புறம் அவர் போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டு, நீங்களே சொல்லுங்க என்று என்னிடம் நீட்டினார். சொன்னேன். அந்தப் பக்கம் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"சம்மதம் கேட்டப்ப நீங்கதானம்மா உள்ள இருந்தீங்க?" என்றார்.

"ஆமாங்க."

"சரியா அந்த நேரத்துல கால் கட் ஆயிடுச்சும்மா. எப்படிச் சொல்லிச்சு? நீங்க பாத்தத சொல்லுங்க."

நான் சொன்னேன். தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். கேட்டதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்து, அம்மா பக்கம் திரும்பிவிட்டு, மெல்லிசாகச் சம்மதம் என்று சொன்னதைச் சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொன்னேன். அவர் உம் உம் என்று கேட்டுக்கொண்டார். "இன்ஷா அல்லா, நல்லபடியா கெடைக்கும்" என்று சொல்லி வைத்தார். மறுநாள் காலை சின்னத்தா வெறுங்கையோடு விமானம் ஏறினார்.

காட்டூர்க்காரர் மறுபூஜை முடித்துவிட்டு, பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஓட்டைக்குள் இருந்த பின்களுக்கு நடுவில் எல்லாம் சந்தனம் இறுகியிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷ்ஷால் அரைமணி நேரம் எடுத்தார். "கரண்ட் குடுத்திருந்தா ஷார்ட் ஆகி போயிருக்கும் மேடம். நம்ம ஆளுங்க யாரும் குடுக்காம வர மாட்டாங்க" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. இரண்டு நாள் காய வைத்தோம். சனிக்கிழமை அவர் கடையிலேயே செருகினோம். விளக்கு எரிந்தது. எல்லா ஃபைலும் இருந்தது. கடை வாசல் படியில் உட்கார்ந்து அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அன்றே பெண்ணின் அம்மாவிடம் போய் அனுமதி கேட்டு, கறுப்பு ஹார்டு டிஸ்க்கில் ஒரு காப்பி போட்டேன். அத்தா கையில் சேர்ந்து, பார்த்துவிட்டேன் என்று அவர் வாயால் சொன்ன பிறகு, அம்மாவின் எதிரிலேயே அழிப்பதாகப் பேச்சு. எஸ்.எஸ்.டி. மூன்று வாரம் கழித்து வேறு ஒருவர் பெட்டியில் துபாய் போனது. எவ்வளவு துடைத்தும் ரப்பர் ஓரத்தில் குங்குமம் லேசாக ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அத்தா கூப்பிட்டார்.

"பாத்துட்டேன்மா. நீங்க சொன்ன மாதிரியேதான் இருக்கு. ஒண்ணு மட்டும் நீங்க சொல்லல."

"என்னங்க?"

"சம்மதம் சொல்றதுக்கு முன்னாடி அம்மா பக்கம் திரும்புதுல்ல. அப்ப, அத்தா லைன்ல இருக்காங்களான்னு கேக்குதும்மா."

எடுத்தது நான், ஏற்றியது நான், திறக்கிறதா என்று பார்த்ததும் நான். எடுக்கும்போது ட்யூப் லைட் மினுக்குகிறதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஞாபகத்தில் இருந்த காப்பியில் அவருக்கு வேண்டிய அந்த ஒரு வரி இல்லவே இல்லை. அன்று டிஸ்க் செத்திருந்தால், நான் சொன்னதே முழுசு என்று அவரும் நம்பியிருப்பார், நானும் நம்பியிருப்பேன்.

மறுநாள் பெண்ணின் அம்மா, பேசியபடி, அழிப்பதைப் பார்க்க வந்தார். அழிக்கும் முன் அந்த இடத்தைப் போட்டேன். ஆளுக்கு ஒரு பக்கம் ஹெட்போனைக் காதில் வைத்துக்கொண்டோம். ஃபேன் சத்தத்துக்கு அடியில் அந்தப் பெண் கேட்டது. அதற்குப் பதிலாக ஒரு குரல், "இருக்காங்க, சொல்லு" என்றது. அப்புறம் சம்மதம்.

அம்மா ஹெட்போனைக் கீழே வைத்தார். "இருக்காங்கன்னு சொன்னது நான்தான்க்கா. கட்டானது எனக்குத் தெரியும். பொய்தான் சொன்னேன்." சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இப்ப அவங்க கேட்டுட்டாங்கல்ல. அழிச்சிடுங்க. அவங்ககிட்ட ஒண்ணு இருக்கே, அது போதும்."

"ஒண்ணு போதாதும்மா" என்றேன்.

கறுப்பு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, பழைய துண்டு ஒன்றில் சுற்றி அவர் கையில் வைத்தேன். அதில் வேறு எதுவும் இல்லாதபடி அன்று காலையிலேயே காலி செய்திருந்தேன். "இது எங்ககிட்ட இருக்க வேணாம். உங்க வீட்டு பீரோவுல துணிக்கு நடுவுல வைங்க. ஓடும்போது அசைக்காதீங்க. கீழ போடாதீங்க. பொட்டு வைக்காதீங்க."

"நாங்க எங்கக்கா பொட்டு வைக்கப் போறோம்" என்றார். சிரித்துவிட்டார். துண்டோடு இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, படியை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனார்.